சயாமுக்குப் போக ஏழு கேள்விகள்

"பேரு?"

"ருக்மணி, துவான்."

"என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில ஆயா, துவான்."

"சயாமுக்கு எதுக்குப் போற?"

"ஜாலான் ஜாலான், துவான்."

"சிரிக்காமச் சொல்லுக்கா."

"நீ துவான் மாதிரி உக்காந்தா நான் ஏன் சிரிக்கப்போறேன்? ஆட்டுக்கல்லு மேல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு எந்த ஊர்த் துவான்டி கேள்வி கேப்பான்?"

நான் காலைக் கீழே இறக்கிக்கொண்டேன். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மலாக்காவில் காஜா பெராங்கில், ருக்மணியக்கா குடியிருந்த வரிசை வீட்டில் அடுத்த கதவு என்னுடையது. நான் தமிழ்ப்பள்ளியில் டீச்சர், கல்யாணம் ஆகாதவள். பள்ளிவிட்டு வந்ததும் அவள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து சயாம் துவானாக மாறிக் கேள்வி கேட்பது என் வேலையாக இருந்தது. பேச்செல்லாம் மலாயில்தான். அக்காவுக்கு மலாய் பிரச்சினையே இல்லை. வீட்டிலேயே மலாய் பேசும் பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பெண்களோடு பேசிப் பேசி என்னைவிடச் சுத்தமாகப் பேசுவாள். ஜாலான் ஜாலான் என்றால் சும்மா சுற்றிப் பார்க்க. அந்த ஒரு வார்த்தை வரும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"என்னத்தடி சிரிப்பு?" என்பார் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அஞ்சலையம்மா. அக்காவின் மாமியார். "எம் மவனக் கூட்டியாரப் போறவ ஒழுங்காப் பதில் சொல்லிப் பழகு. விஜயா, மறுபடி மொதல்லேருந்து கேளு."

அவர் மகன் கணேசமூர்த்தி, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஏற்றிப் போனார்கள். கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். பதினைந்து வருஷமாகச் செய்தியில்லை. செத்தார் என்று யாரும் வந்து சொல்லாததால் அக்கா தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தையும் விடவில்லை. யாராவது வாய் தவறி, "பாவம், அந்தப் புள்ள" என்று இழுத்தால் அஞ்சலையம்மா விளக்குமாற்றைத் தேடுவார். சயாமிலிருந்து திரும்பிய ஒவ்வொருவரையும் தேடிப்போய், "எம் மவனப் பாத்தியாடா?" என்று கேட்டவர் அவர். செமாபோக் வரைக்கும் நடந்தே போய்க் கேட்டிருக்கிறார்.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் தியாகு. இப்போது லாரி ஓட்டுகிறார். அவர்தான் இரண்டு மாதம் முன்னால் வந்து அந்தச் சேதியைச் சொன்னார்.

"ஆத்தா, எங்கூட லாரி ஓட்டுற ஆளு ஒருத்தன் சயாம் போய்ட்டு வந்தான். காஞ்சனபுரிப் பாசார்ல நம்மாளு ஒருத்தன் வாழைப்பழம் விக்கிறானாம். சயாம்காரிதான் பொண்டாட்டியாம். எடது காலை இழுத்து இழுத்து நடக்கிறானாம்."

கணேசமூர்த்தி இடது காலை இழுத்து நடப்பவர். சின்ன வயதில் தோட்டத்தில் மரம் விழுந்த கால்.

"நீ கடைசியா எங்கடா பாத்த அவன?" என்றார் அஞ்சலையம்மா, நூறாவது தடவையாக.

"காலராக் கொட்டகையில ஆத்தா. உசுரோடதான் இருந்தான். எங்களை வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்க."

"அப்ப அவன்தான். வா, நீயும் கூடப் போயி அடையாளம் காட்டு."

தியாகு எழுந்துவிட்டார். "என்னை வேணும்னா இங்கயே வெட்டிப் போடுங்க. அந்த மண்ணுல இன்னொரு தரம் கால் வைக்கமாட்டேன்."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகுதான் என்னைக் கேட்டாள். "பள்ளிக்கூட லீவு எப்ப விடுறாங்க, விஜயா?"

"சயாம்காரி பொண்டாட்டின்னு சொன்னாரே, அக்கா."

"காதுல விழுந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும். ஆள் இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

பண்டார் ஹிலிரில் ஒரு துணிக்கடை வாசலின் அஞ்சடி நடைபாதையில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு மனு எழுதுபவர் மாணிக்கவாசகம். எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் என்ன கேட்பார்கள் என்பது தனக்கு மனப்பாடம் என்பார். அவரிடம் போனோம். பினாங்கில் உள்ள சயாம் கான்சல் ஆபீஸுக்கு மனு.

"எதுக்குப் போறீங்க?"

"என் வீட்டுக்காரரைத் தேடி."

டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்படிச் சொன்னா இந்த ஜென்மத்துல விசா கிடைக்காதும்மா. தேடுறேன்னா போலீஸ் காகிதம் கொண்டா, அவன் பேர் எழுதுன காகிதம் கொண்டாம்பான். கல்யாணத்துக்குக் காகிதம் இருக்கா?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டுனாரு."

"மாரியம்மனா வந்து கையெழுத்துப் போடுவா? சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு. புத்தர் கோயில் பாக்கணும், சாமி கும்பிடணும். ஜாலான் ஜாலான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும். ஒரு வார்த்தை கூடப் பேசினா, அந்த வார்த்தையிலேருந்து அடுத்த கேள்வி பொறக்கும். மொத்தம் ஏழு கேள்வி."

விரல் மடக்கிச் சொன்னார். பேர். வேலை. எதற்குப் போகிறாய். எத்தனை நாள். எங்கே தங்குவாய். அங்கே உறவுக்காரர் உண்டா. அதற்கு "இல்லை துவான்" என்று சொல்ல வேண்டும்.

"ஏழாவது?" என்றேன்.

அவர் அக்காவின் நெற்றியைப் பார்த்தார், பிறகு டைப்ரைட்டரைப் பார்த்தார். "புருஷன் எங்கேன்னு கேப்பான். இருக்காருன்னா, சம்மதம்னு அவர் கையெழுத்துப் போட்ட சூராட் கேப்பான். டீச்சருக்கு அந்தத் தொல்லை இல்ல. நீ..."

"நான்?"

"இறந்துட்டாருன்னு சொல்லணும்மா. நான் மனுவுல அப்படித்தான் போடப்போறேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர், குரலைத் தணித்து. "வாயால அப்படிச் சொல்லிட்டு நெத்தியில இவ்ளோ பெரிய பொட்டோட நின்னா, பொய்யின்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும். தாலியை உள்ள விட்டுக்கலாம். பொட்டு... ஒரு பத்து நிமிஷம்தான். ஜன்னலை விட்டு வந்ததும் வச்சுக்க."

மாமியார் முன்னால் ஆறு கேள்விதான் பயிற்சி. ஏழாவதைக் குழாயடியில், வாளி நிறையும் சத்தத்தில் வைத்துக்கொண்டோம்.

"உன் புருஷன் எங்கே?"

"தண்ணி வழியுது பாரு."

"அக்கா, பதில் சொல்லு. உன் புருஷன் எங்கே?"

"லாக்கி சாயா..." என்று தொடங்கி நிறுத்திவிடுவாள். என் புருஷன். அதற்கு மேல் வராது.

"சூடா மாத்தி. ரெண்டே வார்த்தை. செத்துட்டார். வேற யாரையோ சொல்றதா நெனச்சுக்க."

"நீ சொல்லு, உன் அண்ணன் செத்துட்டான்னு. சொல்லு பாப்போம்."

நான் குழாயை மூடினேன். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அதைக் கேட்காமல் விட்டாலும் விடுவார்கள், கடவுள் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டோம்.

தம்பின் வரை பஸ், அங்கிருந்து பிறை வரை ரயில், அப்புறம் பெர்ரி. பினாங்கில் அந்த ஆபீஸுக்குப் பின்னால் ஒரு குழாய் இருந்தது. அக்கா தாலிக் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளினாள். கைக்குட்டையை நனைத்துப் பொட்டை அழித்தாள். அழித்த இடம் வெளிறிப் போயிருந்தது. பதினைந்து வருஷம் வெயில் படாத இடம். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததேயில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றேன். அதைவிட மோசமான பதில் எதையும் நான் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு சயாம் இளைஞர். மலாயை மெதுவாக, பாட்டு மாதிரி இழுத்துப் பேசினார். மனுவை இப்படியும் அப்படியும் புரட்டினார். ஒரு வரியும் படித்த மாதிரித் தெரியவில்லை.

"சயாமுக்கு எதற்கு?"

"ஜாலான் ஜாலான், துவான்." அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"நல்லது. இப்போது மழைக்காலம். குடை கொண்டு போங்கள்."

அவ்வளவுதான். ரப்பர் முத்திரையை மையில் ஒற்றிக் கையில் எடுத்துவிட்டார். ஏழு கேள்வியில் ஒன்றுதான் கேட்டிருந்தார். நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். அப்போதுதான் அவர் பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். முத்திரை அந்தரத்தில் நின்றது.

"இது நீங்கள்தானா?"

"நான்தான், துவான்."

"இந்தப் படத்தில் நெற்றியில் பெரிய மச்சம் இருக்கிறதே? உங்களுக்கு இல்லையே?"

போட்டோவை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். மாணிக்கவாசகமும் மறந்திருந்தார். ஏழு கேள்வியில் இது கிடையாது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்கள் இல்லை, அவர் சொல்லட்டும்," என்றார்.

அக்கா இரண்டு கையாலும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சமில்ல, துவான். புருஷன் இருக்கிற பொம்பள வைக்கிறது. லாக்கி சாயா சூடா மாத்தி."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. மூன்று வாரம் குழாயடியில் வராதது. அந்தப் பிள்ளை முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சுக்கு நேரே கைகூப்பித் தலை குனிந்தார். அவர்கள் வழக்கம் அது. பதினைந்து வருஷத்தில் அவளுக்கு யாரும் துக்கம் விசாரித்ததில்லை. விசாரிக்க அஞ்சலையம்மா விட்டதில்லை. முதல் ஆள் இவர்தான்.

பிறகு முத்திரையைக் குத்தி பாஸ்போர்ட்டை நீட்டினார்.

பெர்ரியில் திரும்பும்போது நான் பையிலிருந்து குங்கும டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். "வச்சுக்கக்கா. பத்து நிமிஷம் ஆச்சு."

"இருக்கட்டும்."

"பொட்டை வச்சுக்கிட்டே போயிருந்தா அவன் ஒண்ணுமே கேட்டிருக்கமாட்டான்," என்றேன் ஆற்றாமையில்.

"ஆமா." கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுட்டான்ல. நானும் சொல்லிட்டேன்ல. அதை எப்படித் திருப்பி உள்ள போடறது, சொல்லு."

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலில் அஞ்சலையம்மா நின்றுகொண்டிருந்தார். பார்வை நேராக நெற்றிக்குப் போனது.

"செய்தி வந்துருச்சா?"

"இல்ல அத்தை. விசாதான் வந்துருக்கு." அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாவது கேள்வி, குழாய், போட்டோ, மச்சம். ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஜப்பான்காரன் கொல்லல. காலரா கொல்லல. நீ சொல்லிக் கொன்னுட்டியாடி?"

"அத்தை..."

"பொட்டை வை."

அக்கா டப்பாவைத் திறந்தாள். விரலில் குங்குமத்தை எடுத்தாள். கை மார்பு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. "அவரை நேர்ல பாத்துட்டு வச்சுக்கறேன் அத்தை," என்றாள் கடைசியில்.

அஞ்சலையம்மா பத்து நாள் அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தி வைப்பார், பேச்சில்லை. பள்ளி லீவு விட்டு நாங்கள் புறப்படுகிற அன்று காலையில்தான், பழைய ஓவல்டின் டின் ஒன்றில் குங்குமத்தை நிரப்பிக்கொண்டு வந்து அக்காவின் பையில் சேலைகளுக்கு நடுவே செருகினார்.

"அவன் இருந்தான்னா, வச்சுக்கிட்டு அப்புறமா அவன் முன்னாடி போயி நில்லு. இப்படி மொட்டை நெத்தியோட போயி நிக்காத, பயந்துருவான்."

"இல்லைன்னா, அத்தை?"

"திருப்பிக் கொண்டாராத."

காஞ்சனபுரிப் பாசாரில் அந்த மனிதரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லை. வாழைத்தார்களுக்கு நடுவில் ஒரே ஒரு கறுத்த முகம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். இடது காலை இழுத்துக்கொண்டு இரண்டடி வந்தார். அக்கா என்னைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தாள்.

"இவர் இல்ல," என்றாள். அவ்வளவு மெதுவாக.

அவர் பெயர் சுப்பையன். பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். தண்டவாளக் கட்டை விழுந்து கால் போனது. தமிழ் பேசிப் பல வருஷமாகி, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார்.

"மலாக்காவா? மலாக்கா ஆளு ஒருத்தன்... என்னை மாதிரிக் காலை இழுப்பான். எங்க ரெண்டு பேரையும் வச்சு எல்லாரும் சிரிப்பாங்க, ஒரு ஜோடிக் காலுன்னு." சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கணேசு."

"அவர் எங்கண்ணே?" என்றாள் அக்கா.

"காலராக் கொட்டகை தங்கச்சி. அதுல இருந்து எவனும் வெளிய வரல. கொட்டகையோட சேத்துக் கொளுத்துனாங்க. நான் தூரத்துல நின்னு பாத்தேன்."

ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். ஊருக்குள், அதே ரயில் பாதையில் செத்த வெள்ளைக்காரர்களுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். இங்கே லாலாங் புல் இடுப்பளவு நின்றது. அக்கா தண்ணீரில் இறங்கித் தாலியைத் தானே கழற்றி விட்டாள். உரக்க அழவில்லை. உரக்க அழுதால் சேர்ந்து அழ அங்கே நான் ஒருத்திதானே.

"நீங்க ஏண்ணே திரும்பி வரல?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"என்னோட எங்க தோட்டத்துல இருந்து ஆறு பேரு வந்தாங்க, டீச்சர். நான் ஒருத்தன் போயி எறங்குனா ஆறு ஆத்தாமாரும் வந்து எம் மவன் எங்கடான்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்லுவேன்?" கொஞ்சம் பொறுத்து, "அங்க யாராச்சும்... என்னைத் தேடுறதாக் கேள்விப்பட்டீங்களா?" என்றார்.

அவருடைய சயாம் மனைவி எங்களுக்குச் சோறு போட்டாள். புறப்படும்போது அக்கா பையிலிருந்து அந்தக் குங்கும டின்னை எடுத்து அவள் கையில் வைத்தாள். அவள் திறந்து மோந்து பார்த்தாள், சாப்பிடுகிற பொருளோ என்று. அக்கா ஒரு சிட்டிகை எடுத்து அவள் நெற்றியில் வைத்துவிட்டாள். சுப்பையன் அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வருகிற இரண்டு நாளும் ரயிலில் மறுபடி பயிற்சிதான். நான் அஞ்சலையம்மா.

"எம் மவனப் பாத்தியா?"

"இல்ல அத்தை."

"எப்படிச் செத்தான்?"

"காலரா, அத்தை." கொட்டகையைச் சொல்ல வேண்டாம், தீயைச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அஞ்சலையம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியோடு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். நாங்கள் தயார் செய்து வந்த கேள்வி எதையும் கேட்கவில்லை. பையைத் திறந்து சேலைகளுக்கு நடுவில் கைவிட்டுத் துழாவினார்.

"டின்னு?"

"ஒருத்திக்குக் குடுத்துட்டேன் அத்தை. அந்தப் பழக்கடைக்காரர் வீட்டுக்காரிக்கு. அவர் வேற ஆளு. சுப்பையன்னு பேரு."

"அவன் இருக்கானா?"

"இருக்காரு."

"அவனுக்கு ஆத்தா இருக்காளா?"

"பேராக்ல ஒரு தோட்டம்னாரு," என்றேன். "தோட்டத்துப் பேரு எழுதி வச்சிருக்கேன். இருக்காங்களா இல்லையான்னு அவருக்கே தெரியல."

"நாளைக்கே எழுதிப் போடு விஜயா. மவன் உசுரோட இருக்கான்னு எழுது. அவளும் வர்றவன் போறவன் கிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா."

குசினிக்குப் போனார். குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தார். வந்து அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "ஐயோ, கணேசா," என்று அழத் தொடங்கினார். வரிசை வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.